பந்திங்கிலிருந்து வந்த அழைப்பு

முதுகலை ஆய்வுக்காக ஒரு வருடம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் போய் வந்தேன். அங்கே ஒரு சரக்கு கம்பெனியில், வரும் அழைப்புகளை எடுக்க ஆளுக்குப் பதிலாக மெஷின் வைத்திருந்தார்கள். அது வேலை செய்பவர்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பதுதான் என் தலைப்பு. கேள்வித்தாள் கிடையாது. நடந்ததை அவர்கள் போக்கில் சொல்லச் சொல்லிவிட்டு, கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வேன்.

முதலில் பேசியவர் பழைய டெலிபோன் ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர். மெஷின் வந்ததும் அவரைக் கோப்பு அறைக்கு மாற்றியிருந்தார்கள். கோப்பையில் மிலோ பானத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"தினம் காலையில எட்டு மணிக்கு பந்திங்லேர்ந்து ஒரு டிரைவர் கூப்பிடுவாரு. லோரி கெளம்பிருச்சுன்னு சொல்லத்தான். சொல்லிட்டு, பசியாறிட்டீங்களாம்மான்னு கேப்பாரு. பதினோரு வருஷம். அவர் மூஞ்சிய நான் பாத்ததே இல்லலா."

"இப்ப, அக்கா?"

"இப்ப மெஷின்கிட்ட சொல்லிட்டு வச்சிடுவாரு."

அதற்குப் பிறகு, ஏற்கெனவே கலக்கிய மிலோவையே திரும்பத் திரும்பக் கலக்கினார். வீட்டுக்கு வந்து பதிவை எழுத்தாக்கியபோது, கரண்டிச் சத்தம் மட்டும் கேட்ட அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வரியைக் காலியாக விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து பந்திங்கில் லோரி டிரைவர்களிடம் பேசப் போனேன். மூன்றாவதாக வந்தவர் ஒல்லியான மனிதர், கழுத்தில் துண்டு. அனுமதிப் படிவத்தை விளக்கினேன். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோக மாட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"சம்சாரம் போனப்புறம் வீட்டுல ஆள் இல்ல. காலையில நான் பேசற மொத ஆளு, ஆபிஸ்ல போன் எடுக்கற அம்மாதான். இப்ப ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லுது." துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "நீங்க கிள்ளான் ஆபிசுக்கும் போறீங்கதானே, தங்கச்சி? அவங்க இன்னும் இருக்காங்களா?"

அவர் கையெழுத்து இன்னும் காயவில்லை.

"யாரப் பத்தியும் நான் சொல்லக் கூடாது, அண்ணே."

"பரவால்ல. ரூல்னா ரூல்தான்," என்றார்.

இருவரிடமும் சொல்லிவிடலாமா என்று என் பேராசிரியரிடம் கேட்டேன். ஆய்வு முடியும்வரை பொறு, நடுவில் நீ புகுந்தால் அது அவர்கள் கதையாக இருக்காது என்றார். சரியான பேச்சுதான். ஆனால் அதற்குப் பின் கோப்பு அறைக்குப் போன ஒவ்வொரு முறையும் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இருவரும் எழுத அனுமதி தந்திருந்தார்கள். சொல்லத்தான் எனக்கு அனுமதி இல்லை.

ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரமே கிள்ளானுக்குப் போனேன். அக்காவின் நம்பரை அந்த பந்திங் டிரைவருக்குத் தரலாமா என்று அக்காவிடமே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கோப்பு அறையில் வேறொரு பெண் இருந்தாள்.

"ரிட்டையர் ஆயிட்டாங்களே. மக வீட்டுக்கு ஜொகூர் போயிட்டாங்க, மூணு வாரம் ஆச்சு. நல்லாத்தான் இருக்காங்களாம்."

அக்காவின் அனுமதிப் படிவத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். அது பயன்பாட்டில் இல்லை.

பந்திங்குக்கு பஸ் பிடித்தேன். டிரைவர் தன் லோரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்னிடம் பேசியது எதையும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதையும் மகள் வீட்டுக்குப் போனதையும் மட்டும் சொன்னேன்.

"ஒடம்பெல்லாம் நல்லா இருக்காமா?"

"நல்லா இருக்காங்கன்னுதான் சொன்னாங்க, அண்ணே."

"அப்ப சரி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜொகூர் பக்கம் நமக்கு லோட் இல்ல."

ஆய்வேடு தேறியது. இப்போது செராஸில் ஒரு கல்லூரியில் இதே முறையைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். விதி தவறு என்று மாணவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் இரண்டு மாதம், ஒரே ஒரு மாதம் முன்னால் எழுதி முடித்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் என்னை விட்டுப் போகவில்லை.