மூன்று மணிக்குப் போட்டி, ஐந்து இருபதுக்குப் பிரதம அதிதி: மாத்தளையில் ஒரு பைனல்

மாத்தளை என்றாலே இந்த வலைப்பதிவை வாசிப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ரிவர்ஸ்டன் மலையில் எப்போது பனிமூட்டம் நன்றாக இருக்கும்? அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். இந்த முறை நான் போனது மலை பார்க்க இல்லை, உதைபந்தாட்ட இறுதிப் போட்டி ஒன்று பார்க்க. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்த பிறகு எழுத உட்காரும்போதெல்லாம் கோபம்தான் வந்தது. இப்போதும் ஆறியபாடில்லை, அப்படியே எழுதிவிடுகிறேன்.

புறக்கோட்டையில் காலை ஐந்தே முக்காலுக்குச் சாதாரண பஸ். கண்டி வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீற்றர். டிக்கட் 480 ரூபா. பத்தரைக்கு இறங்கி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரொட்டி, சம்பல், பிளேன்டீ என்று 220 ரூபாவுக்குச் சாப்பிட்டேன். அங்கிருந்து அலுவிகாரைப் பக்கம் ஓட்டோவுக்கு 300 ரூபா. ஓட்டோக்காரர் அங்குள்ள குகைக் கோயிலுக்குத்தான் போகிறேன் என்று நினைத்தார். மைதானம் என்றதும், “இன்னைக்கு பைனலா? யாருங்க சீப் கெஸ்ட்?” என்று கேட்டார். எந்த அணிகள் என்று கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எது முக்கியமான கேள்வி என்று தெரியும்.

மைதானம் பிரதான வீதியில் இருந்து தெரியாது. மரம் அறுத்து விற்கும் மரக்காலை ஒன்றின் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் சரிவு, அதனால் அந்த முனைக் கோலுக்குப் பள்ளத்துப் போஸ்ட் என்று பெயர். மின்விளக்கு கிடையாது. மேற்கே மலை நெருங்கி நிற்பதால் மற்ற ஊர்களில் ஆறரைக்கு வரும் இருட்டு இங்கே ஆறு மணிக்கே இறங்கிவிடும். வீரர்கள் உடை மாற்ற ஓர் அறைகூட இல்லாத இடத்தில் அதிதிகளுக்கு மட்டும் தகரக்கூரை போட்ட மேடை, மெத்தை நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு.

இந்தக் கிண்ணத்தின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இறுதிக்கு வருவது இரண்டு அணிகள். ஒன்று டவுன் அணி, மாத்தளை நகரத்து முஸ்லிம் பையன்கள். மற்றது ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து அணி. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன், ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். இங்கே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: பிரதம அதிதி வந்து இரண்டு அணி வீரர்களுக்கும் வரிசையாகக் கைகொடுக்காமல் இறுதிப் போட்டி தொடங்கக் கூடாது. அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி. ஆறே காலுக்கு ரத்தோட்டைக் கடைசி பஸ். அதற்குள் முடிவு வராவிட்டால் காசு சுண்டிப் பார்ப்பார்கள்.

ஏன் பெனால்டி உதை வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். வைத்தார்கள், ஒரு வருடம். ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களின் லைட்டைப் போட்டு. கோல்காப்பாளர்கள் இருவருக்கும் கண் கூசி, பந்து எங்கே போனது என்று தெரியாமல் அடிதடியில் முடிந்தது. அன்றிலிருந்து காசுதான்.

நான் சின்னப் பையனாக முதலில் பார்த்த பைனலில் அதிதி பொழுது சாயும்போது வந்தார். இரண்டாம் பாதி பத்து நிமிடம்கூட இல்லை. காசு சுண்டினார்கள், தோட்டம் தோற்றது. இன்னொரு வருடம் அதிசயமாக அதிதி நேரத்துக்கு வந்துவிட்டார், ஆனால் மங்கள விளக்கு காற்றில் பற்றவில்லை. பற்றும்வரை பேச்சு நடந்தது. காசு, தோல்வி. வேறொரு வருடம் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்து இரண்டு அதிதிகள். பிந்தி வருபவர்தான் பெரியவர் என்பதால் ஒருவர் மரக்காலை வாசலிலும் மற்றவர் சந்தியிலும் வாகனத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், மற்றவர் முதலில் இறங்கட்டும் என்று. சிரிக்காதீர்கள், நான் கண்ணால் பார்த்தது. அன்றும் காசுதான்.

இந்த முறை நான் போனதற்குக் காரணம் யோகராஜ். தோட்ட அணியின் தலைவன், கோல்காப்பாளன், என் தங்கை வீட்டுக்குப் பக்கத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசைவீடு. வயது முப்பத்தாறு. கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. போட்டி என்றால் சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறி வருவான். முழங்கால் போய்விட்டது. இதுதான் கடைசி ஆட்டம் என்று சொல்லியிருந்தான். அவன் தலைவனாக ஆடிய இரண்டு பைனலும் காசில் போனவை.

பன்னிரண்டரைக்கு வேலியோரம் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

“இந்த வாட்டி பயமில்லண்ணே,” என்றான். “நம்ம ஐயாவையே சீப் கெஸ்டா போட வச்சிட்டேன். கமிட்டில சண்ட போட்டு வாங்குனது. மத்தவங்களுக்கு நம்ம பஸ்ஸு போறது தெரியாது. இவரு லயத்துல பொறந்தவரு, தெரியும்ல?”

ஐயா என்று அவன் சொன்னது ஒரு தொழிற்சங்கத் தலைவரை. பெயர் வேண்டாம். அவரைக் கூப்பிட யோகராஜ் அவருடைய கொழும்பு அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறான்.

“ஜெயிச்சுருவியா?” என்று கேட்டேன்.

“அது அவனுங்க வெளாடுறத பொறுத்துண்ணே. டவுன் டீம் இப்ப நல்ல டீம். தோத்தாலும் பரவால்ல, வெளாடி தோக்கணும். கடசி விசில் அடிக்கிற வரைக்கும் ஒரே ஒரு பைனல். அதான் வேணும் எனக்கு.”

ஒரு மனிதன் வெற்றியைக்கூடக் கேட்கவில்லை. தொண்ணூறு நிமிடம் கேட்கிறான்.

மூன்று மணி ஆனது. அணிகள் வரிசையில் நின்றன. மூன்றரை. வரிசை உட்கார்ந்தது. நாதஸ்வரக்காரர்கள் இரண்டு முறை வேறு வாகனச் சத்தத்துக்கு ஏமாந்து எழுந்து வாசித்து அடங்கினார்கள். நாலு மணிக்குப் போட்டிக் குழுச் செயலாளர் நசீர் நானாவிடம் போனேன். மசாலாக் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“தொடங்கிருங்க நானா. அவரு வந்தா இடைவேளைல கைகுடுக்கட்டும்.”

“அதெப்புடி தம்பி தொடங்குற? நாளைக்கு கிரவுண்டுக்கு வேலி வேணும், பைப் வேணும், யாருக்கிட்ட போற நாங்க?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதோட அவரு ஒங்கட ஆளுதானே. நாங்க முந்தி தொடங்கினா, தோட்டத்து ஆள அவமானப்படுத்திட்டாங்கன்டு நீங்கதான் சொல்லுவீங்க,” என்றார். சொல்லியிருப்போம்தான்.

ஐந்து இருபதுக்கு மூன்று வாகனங்கள் வந்தன. மாலை, பொன்னாடை, விளக்கு. கைகொடுக்கும்போது ஐயா யோகராஜின் தோளைத் தட்டி, “நம்ம தம்பி!” என்றார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மலைப்பக்கம் சூரியனைப் பார்த்தான்.

நான் ஒரு பிளேன்டீ குடிக்க வாசல் கடைக்குப் போனேன். ஐயாவின் சாரதியும் அங்கே நின்றார். வழியில் ஏதும் சிக்கலா என்று கேட்டேன்.

“சிக்கலா? இல்லண்ணே. ஒரு மணிக்கே மாத்தள வந்துட்டோம். நேரம் கெடக்குதேன்னு ரிவர்ஸ்டன் போனோம். என்னா மிஸ்ட்டுங்கிறீங்க! ஐயா எறங்குனவரு ஏற மாட்டேங்கிறாரு. குடும்பமா போட்டோ புடிச்சாங்க.”

மாத்தளை டவுனில் இருந்து ரிவர்ஸ்டனுக்கு முப்பது கிலோமீற்றர் மலையேற்றம். ரத்தோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதாவது அந்தத் தோட்டத்து வாசலைக் கடந்து போய், கடந்து திரும்பி வந்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

ஐந்தரைக்கு மேல் பந்து உருண்டது. ஒரு பாதிக்குப் பதினைந்து நிமிடம் என்று மத்தியஸ்தர் அறிவித்தார். டவுன் அணி பள்ளத்துப் போஸ்டில் ஒரு கோல் போட்டது, நல்ல கோல். இரண்டாம் பாதியில் கோர்னர் உதையைத் தலையால் முட்டித் தோட்டம் சமன் செய்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் டவுன் அணியின் ஆட்டம்தான், பொய் சொல்லக் கூடாது. யோகராஜ் இரண்டு பந்தைக் கெட்ட முழங்காலோடு பாய்ந்து பிடித்தான். இரண்டாவதைப் பிடித்து எழும்போது மத்தியஸ்தர் விசில் அடித்தார். பந்து தெரியவில்லையாம். ஆட்டத்தில் இன்னும் ஆறேழு நிமிடம் மிச்சம் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் வெளாடுவோம் சேர்! பஸ்ஸு போனா போகட்டும், நாங்க நடந்து போறோம்!” என்று யோகராஜ் கத்தினான். டவுன் தலைவன் ரிஸ்வானும் அதையே சொன்னான். போன் திருத்தும் கடைக்காரன், நல்ல பையன். ஆனால் அதற்குள் ஐயா மேடையில் இருந்து இறங்கி நடுவுக்கு வந்துவிட்டார். “யாராச்சும் ஒரு காசு குடுங்கப்பா,” என்று சிரித்தார்.

ரிஸ்வான் தலை கேட்டான். காசு மேலே போனது, புல்லில் விழுந்தது. போன் வெளிச்சத்தை நாங்கள் பிடிப்பதற்குள் ஐயா குனிந்து பார்த்து, எடுத்து, “பூ!” என்றார். யோகராஜின் கையைப் பிடித்து உயர்த்தினார். நான் ஐந்தடி தள்ளித்தான் நின்றேன். நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

“ஐயா, இன்னொருக்கா சுண்டுவோம்யா. யாரும் பாக்கல,” என்றான் யோகராஜ்.

“என்னா தம்பி, கப்பு வேணாமா ஒனக்கு?” என்று அவன் முதுகில் தட்டிவிட்டு ஒலிவாங்கியை வாங்கினார். உழைப்புக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார்.

ரிஸ்வான் வந்து கைகொடுத்தான். “கொண்டு போங்க மச்சான். ஒங்கட ஆளுதானே சுண்டினாரு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எத்தனையோ வருடம் காசில் தோற்றபோது தோட்டத்துக்கு மரியாதையாவது மிஞ்சியிருந்தது. ஜெயித்த அன்று அதுவும் போய்விட்டது. எங்கள் ஆள் வந்தால் எங்கள் அவசரம் அவருக்குத் தெரியும் என்று நம்பினோமே, அதுதான் எங்களுடைய பிழை. மேடை ஏறியவருக்கு லயமும் ஒன்றுதான், மலைக்காட்சியும் ஒன்றுதான்.

அடுத்த பைனல் பார்க்கப் போகிறவர்களுக்கு: சுவரொட்டியில் மூன்று மணி என்று இருந்தால் ஐந்துக்குப் போங்கள். டோர்ச் கொண்டுபோங்கள். வாசல் கடைப் பிளேன்டீ 50 ரூபா, வடை 40. தங்க நினைத்தால் டவுனிலேயே அறை பிடியுங்கள், ஆறே காலுக்குப் பிறகு ரத்தோட்டைப் பக்கம் ஓட்டோ இரண்டாயிரத்துக்குக் குறையாது. ரிவர்ஸ்டன் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆவணியில் பிற்பகலில் பனிமூட்டம் மிக நன்றாக இருக்கும். போனவர்கள் திரும்பி வர மனமில்லாமல் நிற்பார்கள் என்று நம்பகமான இடத்தில் இருந்து கேள்விப்பட்டேன்.

அன்று கடைசி பஸ்ஸை ஓடித்தான் பிடித்தோம். தங்கை வீட்டுக்குப் போக நானும் ஏறினேன். கிண்ணத்தை யாரும் மடியில் வைத்துக்கொள்ளவில்லை, அது சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் ஆடிக்கொண்டு வந்தது. யோகராஜ் முழங்காலை நீட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். டிக்கட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் கிண்ணத்தைப் பார்த்தார்.

“அட, கப்பு! யாருப்பா ஜெயிச்சது?”

யோகராஜ்தான் திரும்பாமலே சொன்னான்.

“ஐயா ஜெயிச்சாரு.”