அக்கா கேட்ட திருவிருந்து

என் அத்தான் இருபத்திரண்டு வருடம் எங்கள் சபையின் உபதேசியார். ஞாயிறு ஆராதனை நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், போதகர் வர முடியாவிட்டால் அடக்க ஆராதனையையும் முடித்துவிடுவார். திருவிருந்து மட்டும் அவர் கையில் இல்லை. அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துக் கொடுக்கக் குருப்பட்டம் வாங்கியிருக்க வேண்டும். ஏழு சபைக்கு ஒரே போதகர். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் பக்கம் தலைகாட்டுவார். மற்ற நாட்களில் பாத்திரங்கள் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். அதன் சாவி அத்தானிடம் இருக்கும்.

"சமைக்கிறது இவரு, பரிமாறுறது வேற ஆளு" என்று அக்கா கேலி செய்வாள். ஆனால் அவர் போதகராக வேண்டும் என்று அவரைவிட அவள்தான் துடித்தாள். நாற்பத்தெட்டு வயதில் அவரைப் போதகர் படிப்புக்கு, செமினரிக்கு அனுப்ப மேலிடம் சம்மதித்தபோது, கடிதத்தைத் தெருவெல்லாம் வாசித்துக் காட்டினாள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நான் வாய்விட்டே கேட்டேன். வளைந்தார் மனுஷர். கிரேக்க எழுத்துகளைக் குளியலறைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தார். விடுதியில் கூடப் படித்தவர்கள் அவரைத் "தாத்தா" என்றார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் எழுத வராத நாளில் மட்டும் "அண்ணே" ஆகிவிடுவார்.

மூன்றாம் வருடம், பட்டம் கொடுக்கத் தேதி குறித்த பிறகு, அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. தையல் வேலையை மூட்டை கட்டிவிட்டு நான் அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். பட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அத்தான் விடுப்பில் வந்தார். அவர் ஊருக்கு வந்தால் அலமாரிச் சாவியும் பழையபடி அவரிடம் வந்துவிடும். அன்று மத்தியானம் டாக்டர் எங்களைத் தனியே அழைத்து, "இன்னைக்கோ நாளைக்கோ" என்றார். கடைசித் திருவிருந்து கொடுக்கப் போதகருக்குப் போன் போட்டோம். அவர் ஏழு சபையில் தூரத்துச் சபைக்கு ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். காலையில்தான் வர முடியும் என்றார்.

அக்கா படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சாவி உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே குடுங்க."

"காலையில ஐயா வந்துடுவாரும்மா."

"காலையில நான் இருக்கணுமே."

"எனக்கு இன்னும் பட்டம் குடுக்கலையே. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் எப்படிக் குடுக்கறது?"

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தான், ஒரு துண்டு அப்பம். யாரு பாக்கப் போறா?" என்று கத்தினேன்.

"கர்த்தர் பாக்கறாரு" என்றார். அந்த நேரத்தில் அவரை அறைந்திருப்பேன்.

வேதத்தைத் திறந்து சங்கீதம் வாசித்தார். கையைப் பிடித்துக்கொண்டு, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன, விசுவாசித்தால் அதுவே போதும் என்றார். எங்கள் சபையின் போதனை அதுதான், பிழையில்லை. ஆனால் எங்கள் சபையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்களுக்குத் திருவிருந்தை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் பீடத்துக்குப் போகும்போது அவர்கள் பின் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் அக்கா.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள். "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணுமில்லம்மா, அப்படியெல்லாம் நினைக்காதே" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு பேசவில்லை. காலை எட்டரைக்கு உயிர் போயிற்று. பத்து மணிக்குப் போதகர் திருவிருந்துப் பெட்டியோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

பட்டத் தேதி மாறவில்லை. வெள்ளை அங்கியை நான்தான் தைத்தேன், திட்டிக்கொண்டே தைத்தேன். பேராயர் பிரசங்கத்தில் இந்தக் கதையை எடுத்தார். சொந்த மனைவி சாகக் கிடந்தபோதும் சபை ஒழுங்கைக் காத்த ஊழியர் என்றார். முன்வரிசையில் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு முழங்காலில் நின்றார்.

போதகரானதும் அவருக்கு ஒரு வியாதி பிடித்தது. யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மழையானாலும் ஓடுவார். சளி பிடித்துப் படுத்தவர்கள்கூட அவரைக் கண்டதும் தங்கள் கதை முடிந்தது என்று அலறினார்கள். கடைசியில் சபையார் வியாதியை அவரிடம் மறைக்க ஆரம்பித்தார்கள். போன வாரம் மர ஆசாரி வீட்டில், உள்ளே அவன் அம்மா முனகுவது வெளியே கேட்க, "எல்லாரும் நல்லா இருக்கோங்க ஐயா" என்று கதவைச் சாத்தினார்களாம்.

அங்கிருந்து நேராக என் தையல் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பெட்டி மடியில் இருந்தது. நான் இரண்டு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க குடுத்திருந்தா என்ன அத்தான் ஆயிருக்கும்?"

"மேலிடத்துக்குத் தெரிஞ்சா பட்டத்தை நிறுத்தியிருப்பாங்க." பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடிவிட்டு, "ஒழுங்குன்னு சொன்னேன் பாரு, அது பொய். பட்டம் போயிடுமேன்னு பயந்தேன்" என்றார்.

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "அப்ப வேண்டாங்க, பட்டத்தை வாங்குங்க" என்று அக்காவே சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே செத்திருப்பாள்.