நீலச்சட்டைக்காரன் சொன்ன தேதி

டீச்சருக்குக் கைமொழி வாழவந்த வீட்டில் வந்தது. மாமியாருக்குக் காது கேட்காது, கணவரின் அண்ணனான மூத்தாருக்குக் கேட்காது, மூத்தாரின் மகளுக்கும் கேட்காது. அந்த வீட்டில் காதோடு பிறந்தவர் டீச்சரின் கணவர் ஒருவர்தான். அவரோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம். ஆக, வந்த மருமகளே எல்லோருக்கும் காதாக வேண்டியதாயிற்று.

மூத்தார் மகளுக்குக் கைமொழியில் பெயர் கன்னக்குழி. விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். இருபது வயது. சனிக்கிழமைதோறும் தட்டச்சுப் பள்ளி மாடியில் டீச்சர் நடத்தும் வகுப்பில் அவளோடு சேர்த்துக் காது கேளாத பன்னிரண்டு பேர். போனில் வருவதில் எது மெய், எது புளுகு என்று பிரித்துப் பார்க்க, நாலு மாதமாகத் தோள்பட்டை கழன்றுபோகச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பு கல்யாண வீடாட்டம் இருந்தது. திங்கட்கிழமை அரசு அச்சக வேலைக்குப் பரீட்சை. அதை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டதாக ஒரு வீடியோ வந்திருந்தது. நீலச்சட்டை போட்ட ஒருவன், அவனும் காது கேளாதவன், அழகாகக் கையால் சொல்கிறான்.

“இது போன வருஷத்து வீடியோ. பின்னாடி காலண்டரைப் பாருங்க” என்றார் டீச்சர்.

“கிழிக்கச் சோம்பலா இருந்திருக்கும்” என்றான் தையல்கடைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

“அவர் நம்ம ஆளு சித்தி. நம்மகிட்ட ஏன் பொய் சொல்லணும்?” என்றாள் கன்னக்குழி.

டீச்சர் அங்கேயே பரீட்சை அலுவலகத்துக்குப் போன் போட்டார். “திங்கள் ஒன்பது மணிதாம்மா” என்ற குமாஸ்தா, “உங்க ஆளுங்க வரலைன்னா எங்களுக்கு வேலை மிச்சம்” என்று சிரித்தார். இன்னொரு நாள் இவரிடமே போய் நிற்க வேண்டுமே என்று டீச்சரும் ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.

“என்ன சொன்னாங்க? ஏன் சிரிச்சீங்க?” கன்னக்குழியின் கை பறந்தது.

“ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். பரீட்சை திங்கள்தான்.”

அவ்வளவுதான், பன்னிரண்டு முகமும் கறுத்துப்போயின.

“வீட்ல சொந்தக்காரங்க வந்து சிரிக்கும்போது கேட்டாலும் இதே பதில்தான். அந்த அப்புறம் இன்னிக்கு வரைக்கும் வரல. நீலச்சட்டைக்காரர் எங்களுக்கு எல்லாத்தையும் சொல்றார்” என்றாள் கன்னக்குழி.

டீச்சர் வெட்கத்தை விட்டுக் குமாஸ்தா சொன்னதைச் சொன்னார். அது இன்னும் வினையாயிற்று.

“அதுக்கா சிரிச்சீங்க?” என்றவள், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, தனிக்குடித்தனம் போயிருந்த மூத்தார் வீட்டுக்கே போய் மன்றாடினார் டீச்சர். காது கேளாதவளோடு சண்டை போடுவதில் இதுதான் தொல்லை: அவள் கண்ணை மூடிக்கொண்டாள், பேச்சு முடிந்தது.

திங்கள் எட்டு மணிக்கே டீச்சர் பரீட்சைக்கூட வாசலில் நின்றார். ஏழு பேர் வந்தார்கள். ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினார்கள். பத்தேகாலுக்குக் கன்னக்குழி மூச்சிரைக்க ஓடிவந்து போனை நீட்டினாள். நீலச்சட்டை புது வீடியோ போட்டிருந்தான்: அது போன வருஷத்தது, யாரோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள், பரீட்சை இன்றுதான், ஓடுங்கள்.

டீச்சர் காவலாளியின் காலில் விழாத குறை. “சாத்தினா சாத்தினதுதாம்மா. இனி அடுத்த வருஷந்தான்” என்றார் அவர்.

கன்னக்குழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தப்புன்னு தெரிஞ்சதும் சொல்லிட்டார் பாருங்க சித்தி, நல்ல மனுஷன்” என்றாள்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நேத்து உன் வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் இதையேதானடி!” என்று அவர் கையை வீசிய வீச்சில் காவலாளி இரண்டடி பின்வாங்கினார்.

“சொன்னீங்க சித்தி” என்றாள் கன்னக்குழி. “நம்பத்தான் முடியல.”