மடியில் இருந்த கைகள்

அக்காவை அடக்கம் செய்த மறுநாள், தஞ்சாவூர் ஆலயத்தில் இப்போது ஆர்கன் வாசிக்கும் இளைஞர் வீட்டுக்கு வந்திருந்தார். துக்கம் விசாரித்துவிட்டுச் சற்றுத் தயங்கி, ஆலயத்தில் வாசிக்கிற ஒருவர் அக்காவைப் போல் முன்னுக்கு வர என்ன வேண்டும், அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் சாதகம் செய்வார் என்று கேட்டார். விடியுமுன் எழுந்து வாசிப்பாள் என்றும், பேசிக்கொண்டிருக்கும்போதும் அவள் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும் என்றும் சொன்னேன். சொன்னவை எல்லாம் உண்மை. அவர் கேட்டதற்கு அவை பதில் இல்லை என்பது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகே எனக்கு உறைத்தது.

பதில் எங்கள் ஊரில், நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டின் அறுப்பின் பண்டிகையில் இருக்கிறது.

மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரியிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்தது ஊர். சபையாரில் பெரும்பாலோர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். வாய்க்கால் தெருவில் குடியிருந்தார்கள். அப்பா மிஷன் பள்ளியின் தலைமையாசிரியர். ஆலயத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் ஒன்று இருந்தது. அதன் துருத்தித் துணியை எலிகள் அவ்வப்போது ருசி பார்க்கும். அப்பா பழைய குடைத் துணியால் ஒட்டுப் போடுவார். நெடுங்காலம் அதை வாசித்தவர் பெரியப்பா. முழங்கால் வலியால் அவர் விலகிக்கொண்ட பின் அக்கா அந்தப் பலகையில் உட்கார்ந்தாள்.

அந்த ஆண்டு தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆலயத்துக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேடினார்கள். அங்கே அதுவரை பெண்கள் யாரும் வாசித்ததில்லை. எங்கள் குருவானவர் அக்காவைப் பற்றிச் சொல்லிவைத்ததில், அந்தச் சபையின் பாடற்குழுவைக் கவனித்துவந்த பெரியவர் ஒருவர், பண்டிகையன்று நேரில் வந்து கேட்டுப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். வேலை கிடைத்தால் தங்க வீடும் கொடுப்பார்கள், நானும் உடன் போய் அங்கே படிக்கலாம் என்று அம்மா சொன்னதும், கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு என் பம்பரத்தையும் கோலிகளையும் வகுப்பில் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்பா அப்படி நம்புகிறவர் அல்லர். “ஒரு எடம் தடுமாறினாலும், பொம்பளப் புள்ள வாசிச்சா இப்படித்தான்னு எழுந்து போயிடுவாங்கம்மா” என்று அவர் சொன்னதை அக்கா மறுக்கவில்லை. ஆராதனையின் முடிவில் வாசிப்பதற்கென்று மிகக் கடினமான பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்தாள்.

ஆனால் அவளைச் சோதித்தது முடிவு அல்ல, தொடக்கம்.

எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை களத்துமேட்டில் தொடங்கும். வாய்க்கால் தெருக்காரர்கள் முதல் கதிர்க்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு, கீர்த்தனை பாடியபடி ஆலயத்துக்கு நடந்து வருவார்கள். அவர்கள் வாசற்படியில் கால் வைத்ததும் அதே கீர்த்தனையை ஆர்கன் எடுத்துக்கொள்ளும். பெரியப்பா காலத்தில் அது இடி விழுந்தாற்போல் இருக்கும். அவர் தமக்குப் பழகிய சுருதியில், முழு பலத்தோடு மிதித்து வாசிப்பார். வந்தவர்களின் பாட்டு ஒரு வரி தத்தளித்துவிட்டு அடங்கிவிடும். பிறகு உள்ளே இருப்பவர்கள் பாட, அவர்கள் மௌனமாகக் கதிரைச் சுமந்து பலிபீடத்துக்குப் போவார்கள். அதுதான் முறை என்று நான் எண்ணியிருந்தேன். அந்த இடி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பண்டிகைக்கு முதல் நாள் தோரணம் கட்ட வாய்க்கால் தெருப் பெண்கள் வந்தார்கள். நடவிலும் பண்டிகையிலும் பாட்டெடுத்துக் கொடுப்பவரும் அவர்களில் ஒருவர். எங்களுக்கு அவர் அத்தைமுறை. மாவிலையைக் கோத்துக்கொண்டே அக்காவை வம்புக்கு இழுத்தார்.

“ஏம்மா, நாளைக்கு ஒம் பொட்டி மட்டும் பாடுமா, நாங்களும் பாடலாமா?”

“நீங்க பாடாம யாரு அத்தை பாடுவா?”

“ஒங்க பெரியப்பா இருந்தவரைக்கும் எங்க பாட்டு வாசப்படியோட சரி. கர்த்தருக்கு நெல்லு உள்ள வரணும், கொரலு வெளியில நிக்கணும் போலருக்கு.”

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு அத்தையை அந்தக் கீர்த்தனையின் முதல் வரியைப் பாடச் சொல்லி, ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினாள், சேரவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினாள், அதுவும் சேரவில்லை.

“ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறீங்க அத்தை.”

“நான் வரப்புல நின்னே பழகுனவடி.”

இந்த முறை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை அந்தக் கடினமான பாட்டை அவள் தொடவேயில்லை என்பது அப்பாவுக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் பெரியவர் முன்வரிசையில், ஆர்கனுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தார். சிறுவர்களாகிய நாங்கள் அக்காவுக்குப் பின்னால் பாயில் இருந்தோம். மணி அடித்தது. களத்துமேட்டிலிருந்து பாட்டு நெருங்கிவந்தது. அத்தையின் குரல் முன்னே வர, மற்றவை அதைப் பற்றிக்கொண்டு தொடர்ந்தன. கதிர்கள் வாசற்படியைத் தாண்டின. நான் இடிக்காகக் காத்திருந்தேன்.

ஆர்கன் ஒலிக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். அக்காவின் கைகள் மடியில் கிடந்தன. கால்கள் மட்டும் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தன. காற்று போவது கேட்டது. உள்ளே இருந்தவர்கள் ஆர்கனை எதிர்பார்த்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அப்பா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வாய்க்கால் தெருக்காரர்களுக்குந்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கமாக அடங்கும் இடத்தில் அடக்க ஒன்றும் வராததால், பாடிக்கொண்டே உள்ளே நடந்தார்கள். முதல் சரணம் முடிந்தது. அடுத்ததும் போனது. அக்கா மறந்துவிட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. பம்பரத்தை யாரிடம் கொடுத்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பலிபீடத்தருகே அவர்கள் நின்று பாடும்போது, குரல்கள் நெல் மூட்டை அமர்வதைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதியில் கீழே இறங்கின. அப்போது அக்கா ஒரு கையை எடுத்து, கீழ்க்கட்டை ஒன்றை மட்டும் தொட்டாள். அது எப்போது தொடங்கியது என்றே தெரியாதபடி பாட்டுக்கு அடியில் வந்து நின்றது. அத்தை திரும்பிப் பார்த்தார், பாடுவதை நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தில் உள்ளே இருந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள், ஆர்கன் எல்லாம் ஒரே சுருதியில் இருந்தன. நான் மட்டும் பாடவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

முடிவில் கடினமான பாட்டைப் பிசகில்லாமல் வாசித்தாள். அதற்குள் பாதிப் பேர் ஏலத்துக்கு வெளியே போய்விட்டார்கள். காணிக்கையாக வந்த காய்களையும் கோழிகளையும் மரத்தடியில் ஏலம் விடுவது வழக்கம். பெரியவர் ஈயை விரட்டக் கையைத் தூக்கியதில், ஒரு பரங்கிக்காய் அவர் பேருக்கு விழுந்தது. மறுத்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் காயை நான் சுமக்க, அப்பா அவரைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் அவர் நெல்லைப் பற்றியே பேசினார். பேருந்து தெரிந்த பிறகே அக்காவைப் பற்றிச் சொன்னார்.

“கையை எடுத்துட்டுப் பாடிக்கிட்டு இருந்துச்சு சார், உங்க பொண்ணு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

அப்பா தலை குனிந்தார். நான் பரங்கிக்காயைக் கொடுத்தேன். பேருந்து போய்விட்டது.

வீட்டில் அப்பா கோபப்படவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு கேட்டார்.

“பயந்துட்டியாம்மா?”

“இல்லப்பா. எந்தக் கட்டைய அமுக்கினாலும் அவங்க வாய மூடிடுவாங்க. எறங்கி வரட்டும்னு இருந்தேன்.”

“எறங்காமயே போயிருந்தா?”

“கடைசி வரைக்கும் அவங்களோட பாடியிருப்பேன்.”

“தஞ்சாவூர்க்காரர் முன்னாடியா?”

“அவருக்காகவாப்பா கதிர் கொண்டுவந்தாங்க?”

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கைகள் எப்போதோ உலர்ந்திருந்தன.

கோடை தொடங்குமுன் குருவானவர் செய்தி கொண்டுவந்தார்: அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வாசித்த அந்தப் பாட்டுக்காகத்தான் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். தஞ்சாவூருக்குப் போய்ப் படித்து, பட்டங்கள் பெற்று, பிறருக்குப் பாடம் சொன்ன காலத்திலும் அதையே சொல்லிவந்தேன். அக்கா ஒருமுறையும் திருத்தவில்லை. ஓய்வு பெறும்வரை அதே ஆலயத்தில் வாசித்தாள். அங்கே பாடக் கூச்சப்பட்டு யாரும் இருந்ததில்லை என்பதையும் நான் தனியாகக் கவனித்ததில்லை.

போன வாரம் கல்லறைத் தோட்டத்தில், ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த வாய்க்கால் தெருப் பெண்கள் அந்த அறுப்புக் கீர்த்தனையை எடுத்தார்கள். அத்தையின் பேத்தி முன்னே பாடினார். அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர். குரல் மட்டும் வரப்பிலேயே நின்றது. இளைஞர் தாம் கொண்டுவந்த சிறிய கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டு, அடுத்ததைத் தொட்டு, சேராமல் தவித்தார். அவர் மறுநாள் வந்து கேட்டதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் அவரைப் பார்க்கப் போகிறேன். என்னால் சொல்ல முடிவது கொஞ்சந்தான்; அவர் மீதியைப் பிடித்துக்கொள்வார்.

அன்று பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அக்காவின் முதுகும், மடியில் இருந்த கைகளும் மட்டுமே தெரிந்தன. அவள் முகம் பெரியவரின் பக்கம் இருந்தது. அவள் பாடிக்கொண்டிருந்தாள் என்று அவர் சொன்னபோது, அப்பாவைப் போலவே நானும் அதைக் குறை என்று எண்ணி, பரங்கிக்காயை அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.