நெல் அவித்த மறுநாள்

எங்கள் வீட்டில் விடியற்காலையில் எழுந்திருப்பதைப் புண்ணியக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். கோழி கூவும் முன்பே எழுந்துவிட்டவருக்கு அன்று முழுவதும் எதைச் செய்யவும் உரிமை உண்டு. பக்கத்து வயல் வரப்பைச் சீவிக்கொள்ளலாம், மாட்டைப் போட்டு அடிக்கலாம், வீட்டில் இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி ஏசலாம். பொழுது கிளம்பிய பிறகு எழுகிறவர் சாமியே ஆனாலும் தரித்திரம் பிடித்தவர்தான். இன்றைக்கு என் மகன் வீட்டில் நடுச்சாமம் தாண்டியும் விளக்கை எரியவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகு எழுந்து காப்பி கேட்கிறார்கள். அவர்களை யாரும் எதுவும் சொல்வதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். செத்துப்போன என் அப்பா, ஆத்தா மேல்தான் வரும்.

ஆத்தா என்றால் என்னைப் பெற்றவள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்களோடு அத்தையும் இருந்தாள், அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவளைப் பகலில் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். கஞ்சியைக் கிண்டச் சொன்னால் அடிபிடித்துவிடும். பொழுது சாய்ந்து, மாடு கட்டி, எல்லோரும் சாப்பிட்டுப் பாயைத் தேடுகிற நேரத்தில்தான் அவள் முகம் தெளியும். அதற்குப் பிறகு பேசுவாள், சிரிப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள். நாங்களெல்லாம் தூங்கிய பிறகு என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா இருப்பேன்" என்றாள். அந்த வீட்டில் சும்மா இருப்பதற்கு அதை விட்டால் அவளுக்கு வேறு நேரம் கிடையாது.

அவளை முதலில் அன்னவாசல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொழுது வெளுத்த பிறகு எழுகிற மருமகள் தங்களுக்கு ஆகாது என்று அந்த வீட்டில் சீக்கிரமே உறவைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் வகையில் தீர்த்துவிட்ட பெண்ணை மறுபடி கட்டிக்கொடுக்கத் தடை இல்லை. கேட்டு வர ஆள்தான் வேண்டும். ஆள் வரும்வரை அண்ணன் வீட்டில் அவளுக்கு ஆந்தை என்று பெயர்.

ஆனால் இருட்டிவிட்டால் அந்த ஆந்தை இல்லாமல் எங்கள் வீடு நடக்காது. பசு கன்று போடப் போகிறதா, அத்தை உட்கார வேண்டும். கைப்பிள்ளை அழுகிறதா, அத்தை தோளில் போட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள்தான். "நீதான் எப்புடியும் முழிச்சிருப்பியே" என்று சொல்லிவிட்டு ஆத்தா திரும்பிப் படுத்துக்கொள்வாள். மறுநாள் காலையில் அத்தை கொஞ்சம் அயர்ந்து தூங்கினால், மூதேவி என்று சொல்வதும் அதே வாய்தான். அது உலகச் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய் அருமை என்று அவளுக்கு விளக்கும் வைத்துக்கொடுக்க மாட்டார்கள். அவள் பாட்டுக்கு இருட்டில் வேலை செய்வாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அவளைக் கேட்டு ஒரு பேச்சு வந்தது. சித்தப்பா முறை உள்ள ஒருவர் மிளகாய் வியாபாரத்துக்குப் பொன்னமராவதி போகிறவர், அவர் கொண்டுவந்த பேச்சு. மாப்பிள்ளை பாரவண்டி ஓட்டுகிறவர், முதல் தாரம் தவறிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை. பொன்னமராவதியிலிருந்து திருச்சிக்கு ராத்திரியில் வரிசையாக வண்டிகள் போகுமாம். நடுச்சாமத்தில் வீடு திரும்பினால் கதவைத் திறந்து ஒரு வாய் சோறு போட முழித்திருக்கிற பெண்ணாக இருந்தால் போதும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எந்தக் குணத்துக்காக அத்தையை ஒரு வீட்டில் துரத்தினார்களோ, அந்தக் குணத்துக்காக ஒரு மனிதர் அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

அன்று ராத்திரி அத்தை என் தலையைப் பின்னி முடித்துவிட்டு, பிரித்து, மறுபடி பின்னினாள். "பின்னால வர்ற வண்டிக்காரக எல்லாரும் தூங்கிருவாகளாம். மாடு முன்வண்டியப் பாத்துக்கிட்டே வந்துருமாம். மொத வண்டிக்காரரு மட்டும் தூங்கக் கூடாதாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு மொத வண்டியாம்" என்றாள். அவள் அப்படி வெட்கப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் கேட்டுப் பரிசம் பேசுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். பெண் எழுந்து வாசல் தெளித்திருக்கிறாளா என்று பார்ப்பார்கள். வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் என்பது பேச்சுக்குத்தான். இடையில் நிற்கிறவர் முன்கூட்டியே பெண் வீட்டுக்குச் சொல்லிவிடுவார், அன்றைக்கு எந்தச் சோம்பேறிப் பெண்ணும் குளித்து முழுகி வாசலில் விளக்குமாறோடு நிற்பாள். இரண்டு பக்கமும் தெரிந்தே நடத்துகிற கூத்து அது. அதனால் அத்தை ஆத்தாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்: "எப்ப வாராகன்னு தெரிஞ்சா சொல்லுங்க அண்ணி. மொத நாளு பொழுதோட படுத்துக்கிறேன்."

சித்தப்பா வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நாளைக் கழித்து விடியற்காலம் வருவார்கள் என்று அப்பா சாப்பிடும்போது ஆத்தாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அப்போது தொழுவத்தில் இருந்தாள்.

"அதுகிட்டச் சொல்லிரவா?" என்றாள் ஆத்தா.

"சொன்னா அதையே நெனச்சுக்கிட்டுத் தூங்காமக் கெடப்பா. சொல்லாம இருந்தாத்தான் நல்லாத் தூங்கி எந்திரிப்பா" என்றார் அப்பா.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அப்பாவுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா நெல்லை ஊறப்போடச் சொன்னார். ராத்திரி அவித்துவிட வேண்டும் என்றார். அரிசிப் பானையில் அரிசி இருந்தது. அதில் கைவிட்டு அளைவது என் விளையாட்டு, எனக்குத் தெரியும். நெல் அவிப்பது ராத்திரி வேலை. அவித்ததை விடிந்ததும் களத்தில் பரப்பினால்தான் ஒரு பகல் வெயில் கிடைக்கும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தை முகம் சுளிக்காமல் கொல்லையில் அடுப்பு மூட்டினாள். பனைமட்டையைத் தள்ளித் தள்ளி, நெல் வாய் பிளக்கும்வரை பார்த்து, ஒவ்வொரு அண்டாவாக இறக்கினாள். கோழி கூவுகிற நேரத்தில் வந்து, புகை நாறுகிற சேலையோடு என் பக்கத்தில் விழுந்தாள்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டு நான் எழுந்தேன். இரண்டு பெண்டுகள் நின்றார்கள். மூத்தவள் காதில் தண்டட்டி ஆடியது, அவள்தான் மாப்பிள்ளையின் அக்கா. ஆத்தா குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, கையில் விளக்குமாறோடு நின்றாள். வாசல் தெளித்திருந்தது.

"ஒன் நாத்தனா எங்கம்மா?"

"உள்ள தூங்குது."

"இன்னுமா? பொழுது கெளம்பிருச்சே."

"எழுப்பவா?" என்றாள் ஆத்தா.

"வேணாம், தூங்கட்டும்." தண்டட்டிக்காரி வாசலில் நின்றபடியே தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள். அத்தை வாயைத் திறந்து, அடித்துப்போட்டதுபோல் கிடந்தாள். "நெல்லு அவிச்ச வாடை அடிக்குதே. அதையும் பாத்து, வாசலையும் தெளிச்சு, அம்புட்டும் நீ ஒருத்தியாவா செய்யிற?"

ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எந்தம்பி ராவுக்கு முழிச்சிருக்க ஆளு கேட்டான், சரி. விடியக்காலம் எந்திரிக்கவும் ஆளு வேணும்ல" என்றாள் அவள். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இருவரும் தெருக்கோடியில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.

அத்தை எழுந்ததும் நானே சொன்னேன், தண்டட்டி போட்ட ஒருத்தி உன்னைப் பார்க்க வந்துவிட்டுப் போனாள் என்று. அவள் பாயில் உட்கார்ந்தபடியே அவிழ்ந்த கொண்டையை முடிந்தாள். பிறகு எழுந்து ஆத்தாவிடம் போனாள்.

"ராத்திரிப் பூரா நாந்தான் நெல்லு அவிச்சேன்னு சொன்னீங்களா அண்ணி?"

"அவுக கேக்கல. நானும் சொல்லல."

களத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அப்பா நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வாராகன்னு ஒனக்குத் தெரியுமா அண்ணே?" என்று கேட்டாள். அப்பா நிமிரவில்லை. "வெயில் ஏறுது, நெல்லக் கெளறி விடு" என்றார். அத்தை காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு களத்தில் நடந்தாள். அன்று பகல் முழுவதும் நடந்தாள்.

அப்பா கெட்டவர் இல்லை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. ராத்திரி வேலைக்கென்று சும்மா கிடைத்த ஓர் ஆளை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். சொல்லவில்லை. ஒரு மனுஷியின் வாழ்க்கையை நெல்லோடு சேர்த்து அவித்துவிட்டு, பழியையும் அவள் தூக்கத்தின் மேலேயே போட்டார்.

அடுத்த சந்தைக்குப் போனபோது அவர் புதுக்கோட்டையிலிருந்து ஒரு அரிக்கேன் விளக்கு வாங்கிவந்தார். அந்தப் பஞ்சத்திலும் எங்கேயோ ஒரு புட்டி மண்ணெண்ணெயும் பிடித்திருந்தார். "ஒனக்குத்தான், வச்சுக்க" என்று அத்தை முன்னால் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து இருட்டியதும் எங்களோடேயே பாயை விரித்துப் படுத்துவிட்டாள். கன்றுக்குட்டி கத்தினாலும் பிள்ளை அழுதாலும், "எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிடுவாள். ஆத்தாதான் முனகிக்கொண்டு எழ வேண்டியிருந்தது.

நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். எப்போது கண்விழித்தாலும் அவள் கண் திறந்தே இருக்கும்.

"தூக்கம் வரலியா அயித்தே?"

"வரல."

"அப்ப எந்திரிச்சு உக்காரலாம்ல. எனக்குத் தலை பின்னி விடு."

"எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடியற்காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்தாள். ஊரில் பெண்டுகள் மெச்சினார்கள், ஒரு தடவை பட்டதும் திருந்திவிட்டாளே என்று. எனக்கும் பெருமையாக இருந்தது. ஒருநாள் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அயித்தைதான் இப்ப வெள்ளன எந்திரிக்குதே. அந்தத் தண்டட்டிக்காரவுகள மறுபடி வரச் சொல்லலாம்லப்பா" என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆத்தா அவசரமாக என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அத்தை காதிலும் விழட்டும், அவளும் சந்தோஷப்படட்டும் என்று, அதையே இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.