நல்ல நாள் பார்த்தேன், டவரைப் பார்க்கவில்லை

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குள் நானே செய்த ஒரு ஆப் என் போனில் ஓட வேண்டும். ஓடினால் எனக்கு வேலை. செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் வாடகை அறைகளுக்கு நடுவே, ஒரு மாடியில் இயங்கும் சின்ன கம்பெனி அது. மொத்தமே ஐந்து பேர். அதை நடத்துகிறவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷம் கேப் இருக்கேங்க. இப்ப கைக்கு வருமா?" என்று கேட்டார். வராது என்று அவர் முகமே சொன்னது. என் பெண் பிறந்ததிலிருந்து நான் வீட்டில்தான் இருக்கிறேன், உண்மைதான். ஆனால் எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். "ஒரு வாரம் குடுங்க, காட்டறேன்" என்றேன்.

"பெருசா ஒன்னும் வேணாங்க. ஒரு பட்டன். தொட்டா நம்பர் ஒன்னு ஏறணும். ஆனா எல்லாத்தையும் உங்க மெஷின்ல நீங்களே போட்டு ஓட விட்டுக் காட்டணும்" என்றார்.

என் மெஷின் என்பது, கொழுந்தனுக்குப் பள்ளியில் இலவசமாகக் கிடைத்த மடிக்கணினி. அவன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும், வேங்கிக்காலில் எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஏறிவிட்டது. பேட்டரி செத்துப் போனதால் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் லினக்ஸ் இருந்தது. கல்லூரியில் லினக்ஸைப் பாடமாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அதில் ஒரு மென்பொருளைக்கூட என் கையால் நிறுவியதில்லை. லேபில் எல்லாம் தயாராக இருக்கும், நாங்கள் போய் உட்கார்ந்து தட்டுவோம்.

முதல் நாளே ஒரு கூத்து. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன், கடவுச்சொல் கேட்டது. தட்டினால் ஒரு எழுத்தும் விழவில்லை, ஒரு புள்ளிகூட இல்லை. விசைகள் போய்விட்டன என்று நினைத்து, கணினியைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். முறுக்குத் தூளும் ஒரு ஹேர்பின்னும் விழுந்தன. பிறகுதான் தெரிந்தது, லினக்ஸ் அதைக் காட்டவே காட்டாதாம். எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாதாம். அந்த அழுத்தம் எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆப் செய்ய எல்லோரும் சொல்லும் பெரிய மென்பொருளை என் போனின் இணையத்தில் இறக்கினேன். இரண்டு நாள் டேட்டா அதற்கே போயிற்று. திறந்ததும் கணினி அப்படியே நின்றது, அம்பு அசையவில்லை. நாலு ஜிபி நினைவகத்தில் அது எப்படி மூச்சு விடும்? எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் ஆர்வம்தான் வந்தது. இவ்வளவு பெரியதாக இருக்கிறதே, உள்ளே அப்படி என்னதான் செய்கிறது? தோண்டிப் பார்த்தால், உண்மையான வேலையைச் செய்பவை நாலைந்து சின்னக் கருவிகள்தான். மற்றதெல்லாம் ஜன்னலும் அலங்காரமும். பெரியதை அழித்துவிட்டு, ஜாவாவையும் அந்தக் கருவிகளையும் மட்டும் போட்டேன். ஒப்பந்தங்களை வரிசையாகக் காட்டி, சம்மதமா என்று கேட்டது. முதலாவதை முழுதாகப் படித்தேன், இரண்டாவதைப் பாதி படித்தேன். மற்றதற்கெல்லாம் படிக்காமலே சம்மதம். போட்ட பிறகும், கட்டளை தட்டினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது. எந்த அடுக்கில் வைத்திருக்கிறேன் என்று நான் எழுதிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டது.

சனிக்கிழமைக்குள் எல்லாம் போட்டாயிற்று, ஆப்புக்கான நிரலும் எழுதியாயிற்று. எழுதியதை ஆப்பாகக் கட்டும் வேலையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தேன். அன்று பௌர்ணமி, நல்ல நாள். கிரிவலத்துக்காக வண்டிகளை ஊருக்குள் விடமாட்டார்கள், யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், கணவருக்கும் லீவு. இதைவிட வசதியான நாள் அமையாது என்று நானேதான் திட்டம் போட்டேன்.

மத்தியானம் உட்கார்ந்து, கட்டு என்று கட்டளை கொடுத்தேன். அது கட்டவில்லை, இறக்க ஆரம்பித்தது. முதல் முறை கட்டும்போது, தனக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளை அது தானே வரவழைத்துக்கொள்ளுமாம். இது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே பன்னிரண்டு. கணவரின் போனிலிருந்து முயன்றேன், அதிலும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பௌர்ணமியில் எங்கள் ஊரில் போன் கிடைக்காது என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லித் தருபவளே நான்தான். மலையைச் சுற்ற வந்த அத்தனை பேரின் போனும் அதே டவரில்தானே தொங்கும்? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இங்க குந்திக்கினு இருந்தா ஒன்னும் ஆவாது" என்றார் கணவர். "கெளம்பு, கீழ்பென்னாத்தூர் போலாம். அங்க கூட்டம் கம்மி, டவரு கெடைக்கும்." அங்கே அவருடைய தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள்.

பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கணினியைத் துணிப்பையில் மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன். உலகமே மலையை நோக்கி வந்துகொண்டிருக்க, நாங்கள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிப் போனோம். தடுப்பு போட்டிருந்த இடத்தில் ஒரு போலீஸ்காரர், "எங்கய்யா எதிர்ல போறீங்க?" என்று கேட்டார். "டவர் தேடிங்க" என்று கணவர் சொன்னதும், எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எனக்கு இடம் கொடுத்தாள். கோப்புகள் மளமளவென்று இறங்கின.

"என்னா அண்ணி, எழுத்தா ஓடுது?"

"சாமான் எறங்குதும்மா."

"இன்னும் எவ்ளோ இருக்குது?"

"எனக்கும் தெரியல. அது கேக்கும்போதுதான் தெரியும்."

"அப்ப நம்ம கஸ்டமருங்க மாதிரிதான். பிளவுஸ வெட்டி முடிச்சப்பறம்தான் பைப்பிங் வேணும்னு சொல்லுவாங்க."

ஆப் கட்டி முடிந்தது. போனை வயரில் செருகினேன். போன் இருக்கிறது, அனுமதி இல்லை என்றது கணினி. என் கணினி, என் போன், நடுவில் ஒரு வயர், ஆனால் உரிமை மட்டும் எனக்கு இல்லையாம். யாரிடம்தான் இருக்கிறது என்று தேடினேன். அதற்கென்று ஒரு குழு உண்டாம், அதில் என் பெயர் இருக்க வேண்டுமாம். சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தேன். இப்போது போன் தன் பங்குக்கு, இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று கேட்டது. அனுமதித்தேன்.

வெள்ளைத் திரை, ஒரு பட்டன், ஒரு பூஜ்ஜியம். தொட்டேன். ஒன்று. வாய்விட்டுக் கத்திவிட்டேன். நாத்தனார் போனைப் பிடுங்கி, தைத்து வைத்திருந்த பிளவுஸ்களின் கொக்கிகளையெல்லாம் அதில் எண்ணி முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கம்பெனியில் அவர் பட்டனை ஆறேழு முறை தொட்டுப் பார்த்தார். "நல்லா வந்திருக்குங்க. யாரு பண்ணிக் குடுத்தாங்க?"

"நாந்தாங்க."

"இல்ல, ஆப் சரி. லினக்ஸ்ல இதெல்லாம் இன்ஸ்டால் பண்ணிக் குடுத்தது யாரு? ஹஸ்பண்டா?"

என் கணவர் செய்தது, என்னை பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோனது. அதற்கு அவருக்குக் கோடி நன்றி. ஓரமாக ஒரு காலி மேசையில் புதுக் கணினி ஒன்று இருந்தது. "அதுலயும் லினக்ஸ்தானங்க? பாஸ்வேர்ட மட்டும் நீங்க போட்டுக் குடுங்க" என்று போய் உட்கார்ந்தேன். ஜாவா, கருவிகள், அவை இருக்கும் அடுக்கு, குழுவில் பெயர், எல்லாம் விரல் நுனியில் வந்தன. பட்டன் நிரலையும் அங்கேயே மறுபடி எழுதினேன். அவர்களுடைய இணையம் வேகமானது. மற்ற நாலு பேரும் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்கள். முக்கால் மணி நேரத்தில் ஆப் அவருடைய போனிலேயே ஓடியது.

"புதன்கிழமைல இருந்து வந்துடுங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டு சரி என்று சொல்லியிருக்கலாம். கிடைத்த வேலை கையில் இருந்தது.

"வரேங்க. ஆனா ஒன்னு. எனக்கப்பறம் இங்க வேற பொம்பளைங்க வேலை கேட்டு வருவாங்க. யாரு பண்ணிக் குடுத்தாங்கன்னு அவங்கள கேக்காதீங்க."

அவருடைய காது சிவந்துவிட்டது. "கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றார் மெதுவாக. "புதன்கிழமை வாங்க."

மாடிப்படியில் நிமிர்ந்துதான் இறங்கினேன். கடைசிப் படிக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து, என் போனை எடுத்து அந்தப் பட்டனை இன்னொரு முறை தொட்டேன்.