கிளேமோரை நான் மினுக்கிய கதை

நான் புலம்பெயர்ந்து வந்த சென்ட் லோரன்ட் என்ற இடத்தில் உலோகச் சாமான் திருத்தும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என் கெட்டித்தனத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதை விடுங்கள். நான் கெடுத்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

1. வாள் வந்தது

நாலு வருடத்துக்கு முந்தி மார்கரெட் என்ற வயதான பெண்மணி கம்பளிப் போர்வையில் சுற்றி ஒரு வாளைக் கொண்டுவந்தார். அவர் ஸ்கொட்லாந்து வம்சம். கையை முழுதாக மூடும் இரும்புக் கூடை போன்ற பிடி, அதற்குள்ளே கறுத்துப்போன தோல், அலகு முழுக்கத் துரு அரித்த குழிகள்.

பெயர் கிளேமோர் என்றார். அவர்களுடைய கேலிக் மொழியில் 'பெரிய வாள்' என்று அர்த்தமாம். முதலில் அந்தப் பெயர் இரண்டு கையாலும் வீசும் நெடிய வாளுக்கு இருந்தது. பிறகு வந்த இந்த ஒற்றைக்கை வாளையும் சனம் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டது. அது சரியா பிழையா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்களாம். ஸ்கொட்லாந்து மலைநாட்டவர் அரசனுக்கு எதிராகச் செய்த கலகம் தோற்று, அவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது, அவருடைய முன்னோர் இதைக் கூரைக்குள் ஒளித்து வைத்தார்களாம்.

"பிடி ஆடுது, அதை மட்டும் இறுக்கித் தாங்கோ. என்ர தம்பிக்குக் கடைசிக் காலம். ஒருக்காக் கையில பிடிக்கோணும் எண்டு கேக்கிறான்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

முதலாளி சிவம் அண்ணை வேலை விபரம் எழுதிய துண்டை என்னிடம் தந்தார். "பிடி மட்டும். வேற ஒண்டிலயும் கை வைக்காத, விளங்குதே?"

"ஓம் அண்ணை."

2. ஆயுத பூசை

பிடியை இறுக்க அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. அடுத்த நாள் ஆயுத பூசை. அரம், சுத்தியல், உலோகத்தை மினுக்கும் பஃபிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பது எங்கள் பட்டறை வழக்கம். சிவம் அண்ணை பூசைச் சாமான் வாங்கப் போய்விட்டார். பட்டறையில் உண்மையான ஆயுதம் என்று இருந்தது அந்த வாள் ஒன்றுதான். அதைத் துருவோடு அம்பாளுக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுழலும் அரத்தாள் பெல்ட்டில் தேய்த்துக் குழிகளை எடுத்தேன், பஃபிங் போட்டேன், பழைய தோலைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதுத்தோல் தைத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

சிவம் அண்ணை வந்து பார்த்தார். "என்ன வேலையடா பாத்தனி?" என்றார். வாளைப் படைக்க விடவில்லை. "நீயே கொண்டுபோய்க் குடு. செய்ததை உன்ர வாயால சொல்லு."

3. தம்பியின் அறை

முதியோர் இல்லத்தில் போர்வையை விலக்கியதும் மார்கரெட்டின் முகம் செத்துப்போனது. நான் வாய் திறக்க முந்தியே கட்டிலில் இருந்த தம்பி கையை நீட்டிவிட்டார். அவருக்குக் கண் தெரியாது என்று அப்போதுதான் கண்டேன்.

கூடைப் பிடிக்குள் கையை விட்டார். மற்றக் கைப் பெருவிரலால் அலகைத் தடவினார். சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கியது.

"இது எங்கட வாள் இல்லை. எங்கட வாளை வித்துப்போட்டியளே, அக்கா?"

"இல்லையடா. இதுதான் அது."

"சின்னனிலயிருந்து தடவின வாள். ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும்."

நான் முன்னுக்குப் போனேன். "ஐயா, உங்கட வாள்தான். நான்தான் தேய்ச்சுப்போட்டன்."

"அக்காவுக்காகப் பொய் சொல்லாதையுங்கோ" என்றார், மரியாதையாகவே. கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது சாமான் கொண்டுவந்தால் எதைத் திருத்துவது என்று கேட்க முந்தி, எதைத் தொடக் கூடாது என்று கேளுங்கள். பிறகு ஒரு நாள் மார்கரெட்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். ஆனால் அவருடைய தம்பி, அக்கா வாளை விற்றுவிட்டார் என்ற நினைப்போடுதான் செத்தார்.